இரவில் கொடியை இறக்க வேண்டுமா, வேண்டாமா?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நகரி
வீட்டில் ஏற்றிய தேசியக் கொடியை இரவில் இறக்கச் சொல்பவர்கள் சட்டம் தெரியாதவர்கள் என்று திருத்தணிக் கடைக்காரர் நேற்று எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. பள்ளியில் இருந்த காலமெல்லாம் அந்தி சாய்வதற்குள் கொடியை நானே இறக்கி, காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடித்து, சக்கரம் மேலே தெரியும்படி இரு உள்ளங்கைகளிலும் ஏந்தி அலமாரிக்குக் கொண்டுபோனவன் நான். மரியாதை என்றால் அதுதான்.

ஜவுளிக்கடைக்காரர், திருத்தணி
ஐயா, தேசியக் கொடி விதிகளில் 2022 ஜூலையில் செய்த திருத்தத்தின்படி பொதுமக்கள் வீட்டில் பகலிலும் இரவிலும் கொடி பறக்கலாம். தங்கள் அலமாரிக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை போலும்.

தலைமையாசிரியர்
பறக்கலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். பறந்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. ஆகஸ்டில் கட்டிய கொடி தங்கள் மாடியில் தீபாவளி வரை வெளுத்துக் கிடந்ததைப் பேருந்திலிருந்து என் கண்ணால் பார்த்தேன். சேதமான கொடியைப் பறக்கவிடக் கூடாது என்பதும் அதே விதிதான். அதிருக்கட்டும், இரவில் இறக்குவீர்களா, மாட்டீர்களா?

கைத்தறி நெசவாளர், ஏகாம்பரகுப்பம்
அவர் விற்பது பாலியஸ்டர். 2021 டிசம்பரில் அதற்கும் அனுமதி கொடுத்த பிறகு கதரைத் தேடி யார் வருகிறார்கள்? அவர் கடையில் வாங்கிய கொடியை வெளிச்சத்தில் பிடித்து எண்ணினேன். 24 ஆரக்கால்கள் இருக்க வேண்டிய சக்கரத்தில் 22தான் இருந்தன.

கடைக்காரர்
ஊர் முழுக்க விசைத்தறி இரைந்துகொண்டிருக்க, கதருக்கு வக்காலத்து வாங்குகிறீர்களே! இரண்டு ஆரக்கால் குறைந்தால் அன்றே கடைக்கு வந்து சொல்லியிருக்கலாம். 1960இல் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்த வயிற்றெரிச்சல் உங்கள் ஆந்திரப் பக்கத்தில் இன்னும் அடங்கவில்லை.

தலைமையாசிரியர்
எல்லையை இழுத்துப் பேச்சை மாற்ற வேண்டாம். 1921இல் விஜயவாடாவில் காந்தியடிகளிடம் கொடி வடிவம் ஒன்றைக் கொடுத்த பிங்கலி வெங்கய்யாவின் மாநிலத்தில் இருந்துகொண்டு கேட்கிறேன்: இரவில் இறக்குவீர்களா, மாட்டீர்களா?

கடைக்காரர்
வெங்கய்யா தங்களுக்கு என்றால் எங்களுக்குத் திருப்பூர் குமரன். 1932இல் தடியடிபட்டுச் சாய்ந்தபோதும் கொடியை விடாதவர், பொழுது சாய்ந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தாரா?

தலைமையாசிரியர்
குமரன் கையில் இருந்தது கொடி. தங்கள் மாடியில் இருப்பது கட்டியவரே மறந்துபோன துணி. ஏற்றுவதற்குப் படமெடுக்க ஆள் கூடுகிறது, இறக்குவதற்குத்தான் ஒருவரும் இருப்பதில்லை. இறக்க ஒருவர் நாள்தோறும் மாடியேற வேண்டியிருந்தால், கொடி கிழிந்திருப்பதாவது அவர் கண்ணில் படும். அதனால்தான் விடாமல் கேட்கிறேன்.

நெசவாளர்
ஆரக்காலுக்கு இன்னும் பதில் வரவில்லை.

கடைக்காரர்
கொடியின் விலை நாற்பது ரூபாய். ரசீதோடு வந்தால் மாற்றித் தருகிறேன். ஐயா முதலில் 2022 திருத்தத்தைப் படிக்கட்டும்.

தலைமையாசிரியர்
படித்துவிட்டேன். மணி ஒன்பதாகிறது. இறக்கினீர்களா?