கரிசலில் லாரிப் பாதை: ஜியோகிரிட் மட்டும் போதுமா?

கேள்வி:
திருமங்கலம் - கள்ளிக்குடி பக்கம் ஒரு குடோனுக்குப் பாதை. 120 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம். அடியில் சுத்தக் கரிசல், ஊறவைத்த சிபிஆர் (நனைந்த மண் சுமை தாங்கும் திறனின் அளவு) வெறும் 2 சதவீதம். ஏற்கெனவே தட்டிய 30 செ.மீ. கிராவல் ஐப்பசி மழையில் சக்கரத்தடமாகப் பள்ளம் விழுந்து போச்சு. ஜியோகிரிட் (மண்ணுக்கு வலுவூட்டும் பிளாஸ்டிக் வலை) மட்டும் விரித்தால் போதும் என்கிறார் கடைக்காரர். சரியா?

பதில் 1:
போதாது. கிராவல் கீழே இறங்கியது பாதி, சேறு மேலே ஏறியது பாதி. கிரிட்டின் கண் 40 மி.மீ. இருக்கும், ஈரக் கரிசல் அதற்குள் தாராளமாகப் பிதுங்கி வரும். முதலில் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) நான்-வோவன், அதாவது நெய்யாத துணி, அதன்மேல் இருபக்க இழுவை தாங்கும் கிரிட், அப்புறம் 53 மி.மீ.க்கு உட்பட்ட கலப்பு ஜல்லி. வெறும் குவாரி டஸ்ட் கொட்டினால் கண்ணில் பிடிமானமே கிடைக்காது.

டிப்பர் வெறும் துணிமேல் ஏறவே கூடாது. கொட்டிய ஜல்லிமேல் பின்னால் வந்து தட்டணும், ஜேசிபி முன்னால் தள்ளணும். சக்கரத்துக்கும் கிரிட்டுக்கும் நடுவில் 15 செ.மீ.யாவது ஜல்லி வேணும். முதல் அடுக்கில் ரோலரின் வைப்ரேஷனை நிறுத்திடுங்க. அதிர்ந்தால் அடித்தண்ணீர் மேலே ஏறி மண் குழையும்.

பதில் 2:
அளவில் ஏமாறாதீங்க அண்ணே. 600 சதுர மீட்டர் துணி வாங்கினால் பத்தாது. ஓரத்துக்கும் சேர்த்து 6 மீட்டர் அகலம் வேணும். 5 மீட்டர் ரோலைக் குறுக்கே வெட்டிப் போட்டால், 60 செ.மீ. ஓவர்லாப் போக ஒரு துண்டு 4.4 மீட்டர்தான் மூடும். ஆக 28 துண்டு, தலா 6 மீட்டர் வீதம் 168 மீட்டர் நீளம், 840 சதுர மீட்டர். ஜல்லி தள்ளுகிற திசையில், முந்தின துண்டின் விளிம்பு அடுத்ததன் மேலே கிடக்கணும். மாற்றிப் போட்டால் ஜல்லி விளிம்பைச் சுருட்டிக்கொண்டு போகும். விரித்த அன்றைக்கே மூடிடுங்க, நம்மூர் வெயிலில் துணி நைந்துபோகும்.

கேட்டவர்:
கரிசலில் சுண்ணாம்பு கலந்துவிட்டு மேலே இதெல்லாம் போடலாமா?

பதில் 3:
போடலாம், 3-4 சதவீதம் நல்ல பலன் தரும். ஆனால் அந்தக் காரத்தில் பாலியெஸ்டர் கிரிட் நாளடைவில் வலு இழக்கும். பாலிப்ரொப்பிலீன் கேட்டு வாங்குங்க. இன்னொன்று, கரிசல் உப்புவதையும் வெடிப்பதையும் எந்தக் கிரிட்டும் நிறுத்தாது. பாதை ஓரமாக நீளவாட்டில் வெடிப்பு விடுவது அதனால்தான். இருபுறமும் ஒரு மீட்டருக்கு இறுகின செம்மண் கிராவல், அதைத் தாண்டி வாய்க்கால். ஓரத்தில் சீமைக்கருவேலம் நின்றால் வேரோடு எடுத்திடுங்க.