வீட்டிலேயே படிப்பிக்கும் அம்மாமாரே, உங்கள் காலை எப்படிப் போகிறது?

அக்காமார், தங்கச்சிமாருக்கு வணக்கம். கல்லடியில் இருக்கிறேன். 9 வயது மகளுக்கும் 6 வயது மகனுக்கும் வீட்டிலேதான் படிப்பு. பள்ளிக்கூட வேன் பிடிக்கிற அவசரம் இல்லைதானே என்று ஏழு மணிக்குத்தான் எழும்புவேன். வெறுந்தேத்தண்ணியோடு பாடம் தொடங்கினால் பத்து மணிக்குத் தலையிடி. கோபமெல்லாம் பிள்ளைகள் மேல்.

எனக்கு இரும்புச்சத்துக் குறைவாம். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் அந்தச் சத்து உடம்பில் சேர்வது குறையும் என்றார் டொக்டர். சரி, இப்போது இலைக்கஞ்சியில் தேசிக்காய்ப் புளி விட்டுக் குடிக்கிறேன். தேத்தண்ணி ஒரு மணித்தியாலம் கழித்து. (அந்த ஒரு மணித்தியாலம் போகவே மாட்டேன் என்கிறது!)

கடற்கரையில் நடக்கவும் ஆசை. ஏழரைக்கே வெயில் சுடுகிறது, இவர் ஆறு மணிக்கே வேலைக்குப் போய்விடுவார். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நடப்பவர்கள் இருக்கிறீர்களா? பாடம் எத்தனை மணிக்குத் தொடங்குகிறீர்கள்? இரவே என்னென்ன ஆயத்தம் செய்து வைக்கலாம்?