டாக்டர் ஹூ தொலைந்த எபிசோடுகள்: பதுக்கி வைத்திருப்பவர்களுக்குப் பொதுமன்னிப்பு தேவையா?

நீலப்பெட்டி:
பிபிசியின் அறிவியல் புனைகதைத் தொடர் 'டாக்டர் ஹூ' 1960களில் 253 எபிசோடுகள் ஓடியது. அதில் பலவற்றைப் பிபிசியே பின்னால் அழித்துவிட்டது. 2013இல் தொலைந்தவற்றில் ஒன்பது நைஜீரியாவின் ஜோஸ் நகரில் கிடைத்ததாக அறிவித்தபோதும் பாக்கி 97 காணோம். அதில் சில இங்கிலாந்திலேயே யாரோ சேகரிப்பாளர் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்பது ரசிகர்களின் பழைய சந்தேகம். இருந்தால் அது திருட்டுச் சொத்து. 'தயவுசெய்து தாருங்கள்' என்று கெஞ்சுவானேன்? சட்டப்படி கேட்க வேண்டியதுதானே.

ரீல்மணி:
யார் வீட்டில் திருடினார்கள் சார்? குப்பையில் போட்டது பிபிசிக்காரர்கள், பொறுக்கியது சேகரிப்பாளர்கள். இரண்டு அங்குல வீடியோ டேப் விலை அதிகம், அழித்து மறுபடி பதிவு செய்தார்கள், சரி. ஆனால் வெளிநாட்டு விற்பனைக்கென்று எடுத்த 16 மி.மீ. பிலிம் பிரதிகளையும் 1978 வரை அழித்தார்களே? பிலிமில் மறுபதிவு செய்ய முடியாது. அந்தச் சாக்கும் இல்லை.

நீலப்பெட்டி:
அன்றைய நிலைமையையும் பாருங்கள். நடிகர் சங்க ஒப்பந்தத்தால் மறுஒளிபரப்புக்குக் கட்டுப்பாடு. கலர் வந்தபின் கறுப்பு வெள்ளையை வாங்க நாதியில்லை. வீட்டில் போட்டுப் பார்க்க வீடியோ கேசட்டும் கிடையாது. அசல் டேப் இருக்கிறது என்று விற்பனைப் பிரிவு நினைத்தது, பிலிம் பிரதி இருக்கிறது என்று டேப் பிரிவு நினைத்தது. மடத்தனம்தான், ஆனால் உரிமை கைமாறவில்லை.

அஞ்சறைப்பெட்டி:
ப்ரோஸ், எல்லா எபிசோடுக்கும் ஆடியோ இருக்கு. அந்தக் காலத்துப் பசங்க டிவி முன்னாடி மைக் வச்சுப் பிடிச்சது. அதுக்கு அனிமேஷனும் போடுறாங்க. போதாதா?

ரீல்மணி:
போதாது. 'தி எனிமி ஆஃப் தி வேர்ல்ட்' கதையில் பேட்ரிக் ட்ரௌட்டனுக்கு இரட்டை வேடம்: தொடரின் நாயகனான டாக்டரும் அவரே, சாலமாண்டர் என்கிற வில்லனும் அவரே. ஆறில் மூன்றாவது எபிசோடு மட்டும் கையில் இருந்த காலத்தில் சுமாரான கதை என்றுதான் பேர். ஜோஸில் மற்ற ஐந்தும் கிடைத்த பிறகு மதிப்பே மாறிப்போனது. அந்த முகத்தை அனிமேஷனில் எப்படி வரைவீர்கள்?

சரி, சட்டத்துக்கு வருவோம். நகைச்சுவை நடிகர் பாப் மங்க்ஹவுஸ் பெரிய பிலிம் சேகரிப்பாளர். அவர் மேல் வழக்குப் போட்டு 1979இல் லண்டனின் ஓல்ட் பெய்லி குற்றவியல் நீதிமன்றம் வரை இழுத்தார்கள். விடுதலையானார். ஆனால் அதைப் பார்த்த மற்ற சேகரிப்பாளர்கள் வாய் திறப்பார்களா? மன்னிப்பு இல்லாமல் ஒரு ரீலும் வெளியே வராது.

நீலப்பெட்டி:
அதிகம் மீட்டது அலமாரிகள் அல்ல, ஆவணக் காப்பகங்களும் டிவி நிலையங்களும்தான். 'தி டூம் ஆஃப் தி சைபர்மென்' நாலு எபிசோடும் ஹாங்காங்கிலிருந்து வந்தது. ஆஸ்திரேலியா கூத்து தெரியுமா? குழந்தைகள் பயப்படும் என்று தணிக்கைக்காரர்கள் வெட்டிய துண்டுகள் 1996இல் அரசு ஆவணக் காப்பகத்தில் கிடைத்தன. முழு எபிசோடு போய்விட்டது, ஆகாது என்று வெட்டியது மட்டும் பத்திரம்! கோப்பு போட்டு வைத்த குமாஸ்தாவுக்குத்தான் நன்றி சொல்லணும்.

ரீல்மணி:
குமாஸ்தாவுக்கும் கும்பிடு. ஆனால் 2004இல் 'டே ஆஃப் ஆர்மகெடான்' எபிசோடைக் கொடுத்தவர் பழைய பிபிசி பொறியாளர். தூக்கிப் போடச் சொன்னதை வீட்டுக்கு எடுத்துப் போனவர். உங்கள் சட்டப்படி அவரும் திருடர். 1999இல் நியூசிலாந்து சேகரிப்பாளர் ஒருவர் 'தி லயன்' பிரதியை இரவல்தான் கொடுத்தார். நகல் எடுத்துத் திருப்பித் தந்தார்கள். யாருக்கு என்ன நட்டம்?

நீலப்பெட்டி:
நல்லவர்களையே எண்ணுகிறீர்கள். 'தி வெப் ஆஃப் ஃபியர்' மூன்றாவது எபிசோடு என்னவாயிற்று? ஆறும் ஜோஸில் பார்த்தேன், ஊர் வந்து சேர்வதற்குள் மூன்றாவது மறைந்தது என்று கண்டெடுத்த ஃபிலிப் மோரிஸே சொன்னார். அதை எடுத்தவருக்குமா மன்னிப்பு?

ரீல்மணி:
ஆமாம், அவருக்கும். அசிடேட் பிலிம் ஒருநாள் வினிகர் வாடை அடித்துச் சுருங்க ஆரம்பிக்கும். அதற்கு நீதி நியாயம் தெரியாது.

நீலப்பெட்டி:
அப்படியென்றால் மன்னிப்புக்குக் கெடு வையுங்கள். ஒரு வருடம். அதற்குமேல் வழக்கு.

ரீல்மணி:
கெடு முடிந்த மறுநாள் என்ன செய்வார்? பயத்தில் அடுப்பில் போடுவார்.

நீலப்பெட்டி:
போட மாட்டார் சார், விற்பார். வாங்குகிறவர் இன்னும் ஆழமாகப் பதுக்குவார்.