எல்லாருக்கும் பழுப்புக் கண்தானே, இதில் என்ன ஆய்வு?

ஈசூன் இளவல்:
என் முன்மொழிவு இது. சிங்கப்பூர்த் தமிழர் 200 பேர், எல்லாரும் தன்னார்வலர்கள். ஏற்கெனவே டிஎன்ஏ பரிசோதனை செய்துகொண்டவர்கள் தங்கள் மூலத் தரவுக் கோப்பையும் கைபேசியில் எடுத்த கண் படம் ஒன்றையும் அனுப்ப வேண்டும். ஐரிஸ்பிளெக்ஸ் என்பது டிஎன்ஏவை வைத்துக் கண் நிறத்தைக் கணிக்கும் கருவி. அது கேட்கும் ஆறு எஸ்என்பிகளை, அதாவது ஆளுக்கு ஆள் டிஎன்ஏ எழுத்து மாறும் இடங்களை, கோப்பிலிருந்து எடுத்து, அது சொல்லும் நிறத்தைப் படத்தோடு ஒப்பிடலாம். 2011-இல் வந்த அந்த முறை ஐரோப்பியர் தரவை வைத்து உருவானது. நம் ஆட்களுக்கு எப்படி வேலை செய்கிறது என்று நாமே பார்த்துவிடலாமே. செலவும் பெரிதாக இல்லை.

சிராங்கூன்காரர்:
தம்பி, முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: பழுப்பு, பழுப்பு, பழுப்பு.

அந்த ஆறு எஸ்என்பிகளில் கனமானது ஹெர்க்2 மரபணுவுக்குள் இருக்கும் ஆர்எஸ்12913832. பக்கத்து மரபணுவான ஓசிஏ2-ஐ முடுக்குவதும் அடக்குவதும் அந்த இடம்தான் என்று 2008-லேயே தெரிந்துவிட்டது. அங்கே ஏ என்ற எழுத்து இருந்தால் ஓசிஏ2 நன்றாக இயங்கும், மெலனின் என்ற நிறமி சேரும். தாய்வழி, தந்தைவழி இரண்டு பிரதியும் ஜி என்றால் இயக்கம் குறையும், கண் பெரும்பாலும் நீலமாகத் தெரியும். ஜி நம்மிடம் அரிது. கணக்குக்காக 100-க்கு 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜிஜி வர வாய்ப்பு 0.05 × 0.05, அதாவது 400 பேருக்கு ஒருவர். உங்கள் 200 பேரில் அரை ஆள்! ஏஜி சுமார் 19 பேர், மீதி 180 பேர் ஏஏ. அந்த 180 பேருக்கும் கருவி பழுப்பு என்று அடித்துச் சொல்லும். அதைத் துல்லியம் என்று எழுதிக்கொள்ளலாம்; கண்ணை மூடிக்கொண்டு "பழுப்பு" என்று சொல்பவருக்கும் அதே மதிப்பெண் கிடைக்கும்.

வெண்மணி:
கருவி பயன்படாது என்பது சரி. அதற்காக ஆய்வே வீண் என்று முடிப்பது சரியில்லை, ஐயா. நீலம், இடைநிலை, பழுப்பு என்று மூன்றே பெட்டி வைத்ததுதான் கோளாறு. நம்மிடையே கருங்காப்பி நிறமும் உண்டு, தேன் நிறமும் உண்டு. 2021-இல் சுமார் 1,95,000 பேரை வைத்து வந்த ஆய்வு கண் நிறத்தோடு தொடர்புள்ள 61 மரபணுப் பகுதிகளைக் காட்டியது. அதில் ஆசியர் 1,636 பேரும் இருந்தார்கள். அவர்களிடமும் மரபியல் அடிப்படை ஏறக்குறைய ஒன்றே, விளைவின் அளவுதான் சிறியது. பழுப்புக்குள் இருக்கும் ஏற்ற இறக்கத்தை எண்ணாக அளந்தால் ஆராய நிறையவே இருக்கிறது.

அளப்பதுதான் பெரும்பாடு. கைபேசிப் படம் வேண்டவே வேண்டாம். அது முகத்துக்காக வெளிச்சத்தைத் தானே கூட்டும், வண்ணத்தைத் திருத்தும், தோலை மெழுகும். வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கின் கீழ்த்தளத்தில் குழல்விளக்கின் கீழ் ஒரு படம், சமூக மன்றத்தில் மஞ்சள் எல்இடியின் கீழ் ஒரு படம் எடுத்தால் ஒரே கண் இரண்டு கண்ணாகிவிடும்.

நான் சொல்லும் முறை: மேக்ரோ லென்ஸ், முக்காலி, எல்லாருக்கும் ஒரே தூரம், ஒரே விளக்கு. ஐஎஸ்ஓ 100, வெளிச்ச அமைப்பு கையால், கோப்பு ரா (கேமரா திருத்தாத மூல) வடிவில். கன்னத்தில் சாம்பல் அட்டை படத்துக்குள் விழ வேண்டும். விளக்கிலும் லென்ஸிலும் போலரைசர் வடிகட்டியைக் குறுக்காக வைத்தால் கண்ணின் மேல் விழும் வெள்ளைப் பளபளப்பு போய்விடும். கருமையான ஐரிஸில் (கண்ணின் நிற வளையத்தில்) பாதிப் பிழை அந்தப் பளபளப்பால்தான் வரும். அறை வெளிச்சமும் மாறக் கூடாது. இருட்டில் பாப்பா (கண்ணின் நடுத் துளை) விரிந்தால் ஐரிஸ் சுருங்கி நெருக்கமாகி வேறு நிறம் காட்டும். பிறகு இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒவ்வோர் ஆப்பு வடிவத் துண்டை வெட்டி, பாப்பா ஓரத்தையும் வெளி வளையத்தையும் விட்டுவிட்டு, நிறத்தை எண்ணாகச் சொல்லும் சிஇலேப் அளவில் நடு மதிப்பை எடுங்கள். 20 பேரை வேறொரு நாள் மறுபடி படமெடுங்கள். ஒரே ஆளின் இரு அளவுகளுக்கு இடையிலான வேறுபாடு ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டை நெருங்கினால் மரபணுப் பக்கம் போகவே வேண்டாம்.

சிராங்கூன்காரர்:
இப்படிச் சொன்னால் கேட்கலாம். யாரைச் சேர்க்கக் கூடாது என்றும் எழுதுங்கள். வயதானவர்களுக்குக் கருவிழியைச் சுற்றிச் சாம்பல்-நீல வளையம் விழும். அது கார்னியாவில் (கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலத்தில்) படியும் கொழுப்பு. ஐரிஸ் நிறமே இல்லை. "எங்கள் தாத்தாவுக்கு நீலக் கண்" என்ற பேச்சில் பாதி இந்த வளையம்தான். கண் அழுத்தத்துக்கு லாட்டனோப்ராஸ்ட் சொட்டு மருந்து போடுபவர்களும் வேண்டாம், அது ஐரிஸைக் கருக்க வைக்கும். வண்ண லென்ஸைக் கழற்றச் சொல்வது தனிக்கதை.

கோப்புக்காரன்:
தரவுப் பக்கம் யாரும் பேசவில்லையே. டிஎன்ஏ பரிசோதனை நிறுவனங்களில் 23அண்ட்மீயின் கோப்பில் ஜீனோடைப் (ஒருவரிடம் உள்ள எழுத்து இணை) ஒரே பத்தியில் இருக்கும், ஆன்செஸ்ட்ரியின் கோப்பில் இரண்டு பத்தி. ஒன்றில் படிக்க முடியாத இடம் "--", மற்றதில் "0". ஆறு எஸ்என்பிகளும் எல்லா நிறுவனங்களின் பரிசோதனைச் சிப்பிலும் இருக்கும் என்றும் நம்பாதீர்கள்.

பெரிய குழி இழை. டிஎன்ஏவுக்கு இரண்டு இழை; ஒன்றில் ஏ என்றால் எதிரில் டி, ஜி என்றால் சி. கருவி ஆர்எஸ்12913832-க்கு எத்தனை "டி" என்று கேட்கும். கோப்பில் ஏ, ஜி மட்டுமே இருக்கும், எதிர் இழையில் படித்ததால். ஏ என்பதே அங்கே டி. இது தெரியாதவர் "டி இல்லை" என்று 0 போடுவார். கருங்கண்காரருக்கு நீலம் என்று பதில் வரும். அதையாவது பார்த்தவுடன் பிடித்துவிடலாம். எஸ்எல்சி45ஏ2 மரபணுவில் உள்ள ஆர்எஸ்16891982-இல் எழுத்துகளே சி, ஜி. இழையைத் திருப்பினாலும் ஜி, சிதான். எழுத்தைப் பார்த்து ஒன்றும் தெரியாது. நம்மிடம் சி பெரும்பான்மையாக வர வேண்டும், தலைகீழாக வந்தால் இழை புரண்டிருக்கிறது.

முழுக் கோப்பைக் கேட்பதற்கு என் ஓட்டு இல்லை. அதில் புற்றுநோய், மறதிநோய் அபாயம் காட்டும் வரிகளும் இருக்கும். 2023-இல் 23அண்ட்மீயில் சுமார் 69 லட்சம் பேரின் விவரம் கசிந்தது. தன்னார்வலர் கோப்புகளைப் பொதுவில் வைத்திருந்த ஓப்பன்எஸ்என்பி தளமே 2025 ஏப்ரலில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மூடியது. வேண்டிய வரிகளை மட்டும் அவரவர் கணினியிலேயே வெட்டி அனுப்பட்டும்.

வெண்மணி:
ஆறு வரி மட்டும் வந்தால் யார் யாருக்கு உறவு, யாருடைய வேர் எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? ஒரே குடும்பத்தில் நால்வர் சேர்ந்தால் கணக்குச் சாயும். பாட்டி பஞ்சாபி, தாத்தா தமிழர் என்றால் நிறமும் மரபணுவும் சேர்ந்தே மாறும். சம்பந்தமில்லாத எஸ்என்பியும் குற்றவாளிபோல் தெரியும்.

கோப்புக்காரன்:
அதற்கு வழி இருக்கிறது, அக்கா. பல நாட்டினரின் டிஎன்ஏவைத் தொகுத்த 1000 ஜீனோம்ஸ் திட்டத்தில் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர் தரவு பொதுவில் உள்ளது. அந்தத் திட்டத்தின் தெற்காசியத் தரவை வைத்து முதன்மைக் கூறுகளை (ஒருவரின் வேரைச் சில எண்களாகச் சுருக்குபவை) கணக்கிட்டு ஒரு சிறு நிரலாகத் தரலாம். அவரவர் கணினியில் ஓட்டினால் 10 எண்கள் வரும், வேண்டிய வரிகளோடு அதை மட்டும் அனுப்பினால் போதும். உறவு மட்டும் இதில் பிடிபடாது, படிவத்தில் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

சிராங்கூன்காரர்:
படிவத்தில் உண்மை வரும் என்கிறீர்கள்! குடும்பமாகச் சேர்த்தால் இன்னொரு வம்பு. நீலக் கண் பெற்றோருக்குப் பழுப்புக் கண் பிள்ளை பிறக்கவே பிறக்காது என்று பழைய பாடநூல் விதியை நம்புகிறவர்கள் இன்னும் உண்டு. அது பிழை, பல மரபணுக்கள் சேர்ந்த சங்கதி. முடிவைத் தனியாளுக்குத் தருவதாக இருந்தால் வீட்டில் வீண் சந்தேகம் கிளம்பும். தரக் கூடாது. சிங்கப்பூரில் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் 2015-இலிருந்து இருக்கிறது. இந்த ஆய்வு அதற்குள் வருமா வராதா என்று நாமே தீர்ப்பு எழுதக் கூடாது. பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரைச் சேர்த்து நெறிமுறைக் குழுவிடம் போங்கள்.

ஈசூன் இளவல்:
அப்படியென்றால் மரபணுவை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு, 20 பேரை இருமுறை படமெடுக்கும் சோதனையை முதலில் வைக்கலாமா? அதுவும் குழுவின் ஒப்புதல் வந்த பிறகு.

வெண்மணி:
வைக்கலாம். இரண்டாம் முறை படமெடுப்பவர் வேறு ஆளாக இருக்கட்டும், முதல் அளவுகளை அவரிடம் காட்டாதீர்கள்.

சிராங்கூன்காரர்:
20 போதாது, 40 வையுங்கள். அதில் பாதியாவது கருங்காப்பிக் கண்ணாக இருக்க வேண்டும். தேன் நிறக் கண்ணை அளக்க யாராலும் முடியும்.