'அசிமிலாசி'க்குத் தமிழ்ச்சொல் வேண்டும்: படிவம் 4 உயிரியல் கையேடு

[பிரிக்பீல்ட்ஸ், உயிரியல் ஆசிரியை]

அனைவருக்கும் வணக்கம்.

வார இறுதியில் படிவம் 4 பிள்ளைகளுக்கு நாங்கள் நடத்தும் உயிரியல் வகுப்புக்காக ஒரு கையேடு தயாராகிறது. ஒன்பதாம் அத்தியாயம், ஊட்டமும் மனிதச் செரிமான மண்டலமும். படிவம் 5 முடிவில் வரும் மலேசிய அரசுத் தேர்வான எஸ்.பி.எம். தேர்வை அவர்கள் மலாயிலோ ஆங்கிலத்திலோதான் எழுதப் போகிறார்கள். ஆனால் பெரும்பாலோர் ஆறு ஆண்டு தமிழ்ப்பள்ளியில் படித்து வந்தவர்கள். தமிழில் ஒரு தடவை சொல்லிவிட்டால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். அதனால் விளக்கம் தமிழில், பக்கத்திலேயே மலாய்ச் சொல் என்று வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும்.

சிக்கல் இரண்டு மலாய்ச் சொற்களில்தான்: பென்யெராப்பான் (குடல் சத்தை உறிஞ்சுவது), அசிமிலாசி (உறிஞ்சிய சத்தை உடம்பு தனக்காகப் பயன்படுத்துவது). பிள்ளைகள் இரண்டையும் குழப்புகிறார்கள். தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறும் நெத்திலியுமான நாசி லெமாக்கை வைத்துப் பாடம் நடத்தினேன். சோற்றின் மாவுச்சத்து குளுக்கோஸாகிறது, நெத்திலியின் புரதம் அமினோ அமிலமாகிறது, தேங்காய்ப்பாலின் கொழுப்பு கொழுப்பு அமிலமும் கிளிசரோலும் ஆகிறது. அதுவரை எல்லாருக்கும் புரிந்தது. "சரி, நெத்திலி எப்போது நீங்களாகிறது?" என்று கேட்டேன். "குடல் உறிஞ்சியதும்" என்று வகுப்பே சொன்னது. இல்லை. உறிஞ்சியது இரத்தத்தில்தான் இருக்கிறது. கல்லீரல் வாயிற்சிரை வழியாகக் கல்லீரலுக்குப் போய், அங்கிருந்து உயிரணுக்களுக்குப் போய், அங்கே ஒரு புதுப் புரதமாகக் கோக்கப்பட்ட பிறகுதான் அது நகமோ முடியோ தசையோ ஆகிறது. இந்த இரண்டாம் கட்டத்துக்கு, சொல்லைக் கேட்டதுமே பொருள் விளங்குகிற மாதிரி ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்.

[சென்னை, விலங்கியல் பேராசிரியர்]

அன்புள்ள ஆசிரியைக்கு,

தமிழ்நாட்டுப் பாடநூலில் இது எப்போதோ முடிந்த விஷயம். உட்கொள்ளுதல், செரித்தல், உட்கிரகித்தல், தன்மயமாதல், கழிவு நீக்கம். ஐந்து படிகள், ஐந்து சொற்கள். லட்சக்கணக்கான பிள்ளைகள் படித்துத் தேறிய சொற்களை விட்டுவிட்டு, நாட்டுக்கொரு சொல் என்று புதிதாக உருவாக்க வேண்டுமா? ஒரே துறையில் மூன்று நாட்டுத் தமிழரும் மூன்று சொல் வைத்துக்கொண்டால் ஒருவர் எழுதியதை மற்றவர் எப்படிப் படிப்பது?

[செந்தூல், ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்]

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் படித்தவன். எங்களுக்குச் சமிபாடு, அகத்துறிஞ்சல், தன்மயமாக்கல். குடலில் விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பவை சடைமுளைகள். தமிழ்நாட்டில் குடலுறிஞ்சி என்கிறார்கள். சடைமுளை என்றால் கண்ணுக்குத் தெரிகிறது.

அகத்துறிஞ்சலை விட்டுவிடாதீர்கள். புறத்துறிஞ்சல் என்று இன்னொன்று வேதியியலில் இருக்கிறது. கரி தன் மேற்பரப்பில் சாயத்தைப் பிடித்து வைப்பது அது. அகம், புறம் என்று இரண்டே எழுத்து வேறுபாட்டில் இரண்டு கருத்தையும் பிரித்துவிட்டார்கள். உட்கிரகித்தலால் அது முடியாது. அதோடு எங்கள் பக்கம் கிரகித்தல் என்றால் தமிழ்த் தேர்வில் பத்தியை வாசித்து விடை எழுதுவது.

[ஜார்ஜ்டவுன், பினாங்கு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்]

அவையோருக்கு வணக்கம்.

தன்மயம் என்பதில் 'தன்' நம்முடையது, 'மயம்' வடசொல். தங்கமயம், ஆனந்தமயம் என்று வரும் அதே மயம். பாதித் தமிழ், பாதி வடமொழி என்று ஒரு சொல்லை ஒட்டுப்போட்டுப் பிள்ளைகள் கையில் கொடுப்பானேன்? 1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்ததே கோலாலம்பூரில்தான். சொல்லாக்கத்துக்கு நாம் யாரையும் எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை.

வள்ளுவர் செரிமானத்தை எப்படிச் சொன்னார் என்று பாருங்கள். 'மருந்தென வேண்டாவாம் யாக்கைக்கு அருந்தியது அற்றது போற்றி உணின்.' உண்டது அற்றது, அவ்வளவுதான். அடுத்த குறளும் 'அற்றால் அளவறிந்து உண்க' என்றே தொடங்குகிறது. அறுதல் என்றால் தீர்தல், துண்டாதல் இரண்டும். பெரிய மூலக்கூறு சிறிய மூலக்கூறாக அறுபடுவதுதானே செரிமானம்?

இரண்டாம் கட்டத்துக்கு என் பரிந்துரை தன்வயமாதல். தொல்காப்பிய உரியியலில் 'வய வலியாகும்' என்று வருகிறது. வய என்றால் வலிமை. உணவு உடம்பின் வலிமைக்குள் வருவது வயமாதல். அதே உரியியலில் 'வயா என்கிளவி வேட்கைப் பெருக்கம்' என்றும் உண்டு. கருவுற்ற பெண்ணுக்குப் புளிமாங்காய் மேல் வருகிற ஆசைக்கும் வயா என்றுதான் பெயர். வய, வயா, வயிறு மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது என் நெடுநாள் துணிபு. வயலையும் சேர்க்கலாம். உணவு விளைகிற இடம் வயல், போய்ச் சேருகிற இடம் வயிறு. இதைத் தனிக் கட்டுரையாக விரித்து எழுதலாம்.

[கிள்ளான், தமிழ் இலக்கிய ஆசிரியை]

ஐயா, புறநானூறு 18-ஐ விட்டுவிட்டீர்களே. 'உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே, உண்டி முதற்றே உணவின் பிண்டம்' என்று குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நேராகவே சொல்கிறார். உடம்பு என்பதே உணவின் பிண்டம். ஆசிரியை கேட்கிற கருத்து அப்படியே அந்த வரியில் இருக்கிறது. பிண்டமாதல் என்று வைத்தால் என்ன? எஸ்.பி.எம். தமிழ் இலக்கியம் எடுக்கிற பிள்ளைகளுக்கு இரண்டு பாடமும் ஒரே இடத்தில் சேரும்.

[பிரிக்பீல்ட்ஸ், உயிரியல் ஆசிரியை]

டீச்சர், வரி மிக அழகு, கையேட்டில் அத்தியாயத்தின் தலைப்பில் போட்டுவிடுகிறேன். ஆனால் பிண்டம் என்றதும் எங்கள் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது கருமக்கிரியையில் வைக்கிற சோற்றுருண்டை. போன வருடம் அப்பாவை இழந்த ஒரு பையன் வகுப்பில் இருக்கிறான். அந்தச் சொல்லை அவன் முன்னால் பலகையில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

பினாங்கு ஐயாவுக்கு: அற்றது என்றால் பிள்ளைகள் 'இல்லாமல் போனது' என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். செரிமானம் எல்லா வீட்டிலும் புழங்குகிற சொல், அதைத் தொட வேண்டாம் ஐயா. செந்தூல் அண்ணன் சொன்ன அகத்துறிஞ்சலின் நியாயம் புரிகிறது. இந்த அத்தியாயத்தில் புறத்துறிஞ்சல் வராததால் வெறும் உறிஞ்சல் என்றே வைக்கிறேன். இப்போது இரண்டாவது சொல்லை மட்டும் பார்க்கலாமா?

[பங்சார், மொழிபெயர்ப்பாளர்]

நான் மருத்துவத் துண்டறிக்கைகளை மொழிபெயர்க்கிறவள். எல்லாரும் இலக்கியத்தில் தேடுகிறீர்கள். அடுப்படியில் இந்தச் சொல் இருக்கிறது. "எவ்வளவு சாப்பிட்டாலும் பிள்ளைக்கு உடம்பிலே ஒட்டமாட்டேங்குது" என்று சொல்லாத அம்மா உண்டா? சாப்பிட்டான், செரித்தது, ஆனாலும் உடம்பில் ஒட்டவில்லை. உறிஞ்சலுக்கு அடுத்த கட்டத்தைத்தான் அந்த அம்மா சொல்கிறாள். செரிமானம் மாதிரியே ஒட்டுமானம் என்று வைக்கலாம். தேய்மானம், பிடிமானம், பெறுமானம், கட்டுமானம் எல்லாம் அப்படி வந்தவைதானே? செரிமானம், ஒட்டுமானம் என்று ஜோடியாகச் சொன்னால் மறக்கவே மறக்காது.

[ஜார்ஜ்டவுன், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்]

ஒட்டுமானம் நல்ல ஆக்கம், மனமாரச் சொல்கிறேன். வருமானத்தில் வருகிற மானம் அளவைக் குறிப்பதா, வெறும் தொழிற்பெயர் விகுதியா என்று முடிவு செய்யாமல் இதில் இறங்கக் கூடாது. அளவு என்றால் வடசொல்லாகிவிடும். விகுதி என்றால் வினைப்பகுதியோடு சேரும்போது...

[சென்னை, விலங்கியல் பேராசிரியர்]

ஐயா மன்னிக்க வேண்டும், விகுதிக்கு முன்னால் உயிரியல் தடை ஒன்று நிற்கிறது. ஒட்டுண்ணி என்றால் வேறோர் உயிரின் உடம்பில் ஒட்டி வாழ்வது. ஒட்டுப்போடுதல் என்றால் மாமரத்தில் வேறு மாமரக் கிளையைச் சேர்ப்பது. இரண்டிலும் ஒட்டியது தன் அடையாளத்தை இழப்பதில்லை. இங்கே நடப்பது நேர்மாறு. நெத்திலியின் புரதம் நெத்திலிப் புரதமாகவே வந்து நம் தசையில் ஒட்டுவதில்லை. முழுவதும் பிரிந்து, நம் மரபணு சொல்கிற வரிசையில் புதிதாகக் கோக்கப்படுகிறது. ஒட்டுமானம் அந்த அடிப்படைக் கருத்தையே தவறாகப் பதித்துவிடும்.

[பங்சார், மொழிபெயர்ப்பாளர்]

அதை ஏற்கிறேன். அப்படியானால் ஒட்டுக்குப் பதில் சேர்? "உடம்பிலே சேரலை" என்றும் சொல்கிறோமே.

[பிரிக்பீல்ட்ஸ், உயிரியல் ஆசிரியை]

உடற்சேர்க்கை என்று பதினாறு வயதுப் பிள்ளைகளிடம் சொல்ல முடியாது அக்கா. இனப்பெருக்க அத்தியாயம் பதினைந்தாவதாகத்தான் வருகிறது.

இன்றைய வகுப்பில் விஸ்கிங் குழாய்ச் சோதனை செய்தோம். சிறிய மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடுகிற சவ்வுக் குழாய் அது. குழாய்க்குள் மாவுக் கரைசலும் உமிழ்நீரும், வெளியே வடித்த நீர். சிறிது நேரம் கழித்து வெளிநீரை எடுத்து பெனடிக்ட் கரைசல் விட்டுச் சூடாக்கினால் செங்கல் நிறம் வந்தது. சர்க்கரை வெளியே வந்துவிட்டது. அயோடின் விட்டால் நீலக்கருப்பு வரவில்லை. மாவுச்சத்து பெரியது, குழாயைத் தாண்ட முடியவில்லை. "இது பென்யெராப்பான், அசிமிலாசி எங்கே டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். "இந்தக் குழாய்க்கு வெளியே உயிர் இல்லை. வெறும் தண்ணீரால் எதையும் உடலாக்க முடியாது" என்றேன். என்னையறியாமல் வந்த சொல் அது. உடனே பலகையில் உடலாக்கம் என்று எழுதினேன். உறிஞ்சல், உடலாக்கம். யாரும் விளக்கம் கேட்கவில்லை.

[செந்தூல், ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்]

நல்லது மகளே. அடைப்புக்குள் தன்மயமாதல் என்றும் போடுங்கள். சென்னையில் இருந்தோ யாழ்ப்பாணத்தில் இருந்தோ ஒரு பாடநூல் கையில் கிடைத்தால் பிள்ளை தடுமாறக் கூடாது.

[கிள்ளான், தமிழ் இலக்கிய ஆசிரியை]

எனக்கும் உடலாக்கம் பிடித்திருக்கிறது. தன்மயமாதலில் எனக்கு இன்னொரு நெருடல். பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்திலும் அசிமிலாசி என்று படிக்கிறார்கள். ஓரினம் இன்னோரினத்தில் கரைந்துபோவது. மலாக்காவில் வேரூன்றிய தமிழ் வழித்தோன்றல்களான மலாக்காச் செட்டிகள் வீட்டில் மலாய் பேசினாலும் கோயிலையும் பொங்கலையும் விடவில்லை. அவர்களைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொல்லை அளந்துதான் பயன்படுத்த வேண்டும். உயிரியலுக்குத் தனிச்சொல் இருப்பது நல்லதே.

[செராஸ், உயிர்வேதியியல் முதுகலை மாணவர்]

எல்லாருக்கும் வணக்கம். இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். உடலாக்கம் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பாதியைத்தான் சொல்கிறது. பாடநூலில் அசிமிலாசியின் கீழ் குளுக்கோஸ் உயிரணுச் சுவாசத்தில் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து ஆற்றல் தருவதும் வருகிறது. அது உடலாவதில்லை, எரிந்து கரியமில வாயுவும் நீருமாகப் போய்விடுகிறது. மிஞ்சியது கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படுகிறது. தேவைக்கு மேற்பட்ட அமினோ அமிலத்தைச் சேமிக்கவே முடியாது, கல்லீரல் அதை யூரியாவாக்கி அனுப்பிவிடும். அதையும் சேர்த்து உடலாக்கம் என்று மாணவன் எழுதினால் தவறு. உடலேற்பு என்றால் எரிப்பது, கட்டுவது, சேமிப்பது மூன்றும் அடங்குமே?

[சென்னை, விலங்கியல் பேராசிரியர்]

ஏற்பு என்றதும் மாற்று உறுப்பை உடல் ஏற்பதும் மறுப்பதும்தான் நினைவுக்கு வரும். உடலாக்கத்துக்கும் இன்னொரு சிக்கல் உண்டு. செடி மண்ணிலிருந்து நைட்ரேட்டை எடுத்துப் புரதமாக்குவதற்கும் இதே ஆங்கிலச் சொல்தான். செடிக்கு உடல் என்பீர்களா? நான் தன்மயமாதலில்தான் நிற்கிறேன். ஆனால் வகுப்பை நடத்துகிறவர் நீங்கள்.

[ஜார்ஜ்டவுன், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்]

செராஸ் தம்பி எழுப்பிய ஐயம் சரியான ஐயம். அதற்குத் தன்வயமாதலில் விடை இருக்கிறது. வயமாவது என்றால் ஒருவர் ஆளுகைக்குள் வருவது. உடம்பின் ஆளுகைக்குள் வந்த குளுக்கோஸை உடம்பு எரிக்கலாம், சேமிக்கலாம், கட்டலாம். செடிக்கும் அது பொருந்தும். உடலாக்கம் எளிது என்பதற்காக நுட்பத்தை விட்டுவிட்டோம்.

[பிரிக்பீல்ட்ஸ், உயிரியல் ஆசிரியை]

ஐயா, பொருளில் உங்கள் சொல் துல்லியம், அதை மறுக்கவில்லை. ஆனால் தன்வயமாதல் என்று சொன்னதும் பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்கிறார்கள். உடலாக்கம் என்றால் படத்தைப் பார்க்கிறார்கள். பள்ளி முடிந்து, டியூஷன் முடிந்து, சனிக்கிழமையும் வந்து உட்கார்கிற பிள்ளைகள். அவர்கள் விளக்கம் கேட்காமலே புரிந்துகொள்கிற சொல்லை நான் விட மாட்டேன்.

கையேட்டில் இப்படிப் போகிறது: 'உடலாக்கம் (தன்மயமாதல், அசிமிலாசி): உறிஞ்சிய சத்துகளை உயிரணுக்கள் தமக்காகப் பயன்படுத்துவது. அமினோ அமிலம் புதுப் புரதமாகிறது. கொழுப்பு உயிரணுச் சவ்வில் சேர்கிறது. குளுக்கோஸ் ஆற்றலுக்காக எரிகிறது, மிஞ்சியது கிளைக்கோஜனாகிறது.' செராஸ் தம்பியின் குறை அந்தக் கடைசி வாக்கியத்தில் தீரும் என்று நினைக்கிறேன். செடிகளுக்கு வேறு சொல் வேண்டுமென்றால் அந்த அத்தியாயம் வரும்போது பேசுவோம். எல்லாருக்கும் நன்றி. நாளை அச்சகம்.

[பங்சார், மொழிபெயர்ப்பாளர்]

சம்மதம்.

[செந்தூல், ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்]

சம்மதம். சடைமுளையையும் ஒரு தடவை யோசியுங்கள்.

[செராஸ், உயிர்வேதியியல் முதுகலை மாணவர்]

வரையறையில் விளக்கிவிட்டதால் சரி. ஆனால் சொல்லிலேயே அந்தக் கருத்து இல்லை என்ற எண்ணம் எனக்கு மாறவில்லை.

[ஜார்ஜ்டவுன், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்]

கையேடு அச்சாகட்டும், தடை சொல்லவில்லை. நான் தொகுத்துவரும் சொற்பட்டியலில் தன்வயமாதல் என்றே இருக்கும், உடலாக்கத்தை அதன் எதிரில் வழக்குச்சொல்லாகக் குறித்துக்கொள்கிறேன். செந்தூல் நண்பர் கேட்ட சடைமுளையை நானும் ஆதரிக்கிறேன். சடை, முளை இரண்டின் வேரையும் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.