எந்தப் பாதையில் போனாலும் அதே ஓகர்: இது நியாயமா?

மூன்றாம்வழி:
டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டம்), 5ஆம் பதிப்பு, 2014 விதிகள். ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் நான். பிளேயர்கள் 4 பேர், எல்லோரும் லெவல் 1 (தொடக்க நிலை). ஊர் எல்லை தாண்டியதும் காட்டுப் பாதை, ஆற்றங்கரைப் பாதை என்று வழி பிரிகிறது. காட்டுப் பாதைக்கு ஓர் ஓகர் (ராட்சதன்), அதற்கான வரைபடம் எல்லாம் தயார். பிளேயர்கள் ஆற்றங்கரையைப் பிடித்துப் போனால் ஓகரை அங்கே தூக்கி வைக்கலாமா? அவர்களுக்குத் தெரியப்போவதில்லை. இன்னொன்று: ஓகரின் அடி விசார்டை (மந்திரவாதிப் பாத்திரத்தை) கொன்றுவிடும் போலிருந்தால், திரைக்குப் பின்னால் பகடையை மாற்றிச் சொல்லலாமா?

ஆறுமுகப்பகடை:
முதல் கேள்விக்குச் சொல்கிறேன். அவர்கள் எதை வைத்து அந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பாருங்கள். "இடதா, வலதா?" என்று மட்டும் கேட்டிருந்தால் அது பூவா தலையா போடுவதுதான். அதில் ஓகரை எங்கே வைத்தாலும் ஒன்றுதான், தேர்வு என்று ஒன்று நடக்கவே இல்லை.

அதனால் பிரிவிலேயே அடையாளம் வையுங்கள். காட்டுப் பக்கம் ஆள் உயரத்துக்கு மேலே கிளைகள் முறிந்து தொங்குகின்றன. கீழே கடித்துத் துப்பிய ஆட்டுத் தொடை எலும்பு, அதில் மொய்க்கும் ஈ. ஆற்றுப் பக்கம் பரிசல் கட்டும் கயிறு கத்தியால் அறுபட்டுக் கிடக்கிறது, சேற்றில் சின்னச் சின்னக் காலடிகள். இதற்கு பெர்செப்ஷன் ரோல் (கவனித்தார்களா என்று பார்க்க உருட்டும் பகடை) கேட்காதீர்கள், கண்ணில் படுவதாகவே சொல்லிவிடுங்கள். ரோல் கேட்டு அது தோற்றால் மறுபடி குருட்டுத் தேர்வுதான்.

எலும்பைப் பார்த்துவிட்டு ஆற்றுப் பக்கம் போனவர்கள் முன்னால் அதே ஓகர் வந்து நின்றால், அது அநியாயம். ஸ்பெல் (மந்திரம்) செலவழித்து அதைத் தவிர்த்திருந்தால் இன்னும் மோசம். லெவல் 1 விசார்டிடம் இருப்பதே 2 ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு). அதில் ஒன்றை நீங்கள் பிடுங்கிக்கொண்டதாக ஆகும்.

தயாரித்தது வீணாகாமல் இருக்க ஓகருக்கு ஒரு நடமாட்டம் எழுதுங்கள். பகலில் குகையில் தூங்கும், பொழுது சாய்ந்ததும் தண்ணீர் குடிக்க ஆற்றுக்கு வரும். நடுப்பகலில் ஆற்றங்கரையைக் கடந்தவர்களிடம் அது சிக்காது. அங்கேயே கூடாரம் போட்டால் வந்து நிற்கும். ஆனால் இதை செஷனுக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். அவர்கள் பதிலைக் கேட்டபின் எழுதினால் பழைய கதைதான்.

கணக்குப்புலி:
பகடைக் கேள்விக்கு வரேன். முதல்ல கணக்கைப் பாருங்க. ஓகருக்குத் தாக்கும் போனஸ் (20 முகப் பகடையோட கூட்டுறது) +6, அடி 2டி8+4 (ரெண்டு 8 முகப் பகடை, கூட 4), சராசரி 13. விசார்டுக்கு ஏசி (அடி படறதுக்குப் பகடை எட்ட வேண்டிய எண்) 12, ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) 7னு வச்சுக்குவோம். 0க்குப் போனபிறகும் மிஞ்சுற அடி, முழு ஹிட் பாயிண்ட் அளவைத் தொட்டா உடனடிச் சாவு. அதாவது ஒரே அடியில 14 வந்தா டெத் சேவுக்கே (சாவைத் தவிர்க்க உருட்டுற பகடை) இடமில்லை. கிரிட்டிக்கலையும் (20 விழுந்தா அடிப் பகடை இரட்டிப்பாகுறது) சேர்த்தா, அவர் மேல ஓங்குற ஒவ்வொரு வீச்சுக்கும் இது நடக்க 100க்கு 35 வாய்ப்பு! எக்ஸ்பி (எதிரியோட பலத்துக்கான புள்ளி) கணக்கும் இதையே சொல்லுது: ஓகருக்கு 450, லெவல் 1ல 4 பேருக்கு 'டெட்லி' (சாவு வரக்கூடிய சண்டை) எல்லை 400.

இதைத் தயாரிக்கும்போதே சரி பண்ணணும். முதல் வீச்சு வண்டி மாட்டு மேல விழட்டும், மாடு அங்கேயே சாகட்டும். அந்த அடியோட கனம் எல்லாருக்கும் புரிஞ்சுடும். ஓடித் தப்பட்டும்னு விடாதீங்க, ஓகர் வேகம் 40 அடி, மனுஷனுக்கு 30. ஆள் மட்டும் நுழையுற பாறை இடுக்கு ஒண்ணு வரைபடத்துல இருக்கணும். இறைச்சியைத் தூக்கிப் போட்டா அது அங்கே திரும்பும்னு குறிச்சு வைங்க. இவ்வளவும் செஞ்சபிறகு பகடையை எல்லார் கண்முன்னால உருட்டுங்க, விழுந்தது விழுந்ததுதான்.

பகடையை மாத்தாமலே அநியாயம் நடக்கிற இடமும் உண்டு. 4 பேர் காவலைத் தாண்டிப் பதுங்கிப் போறாங்க, டிசி (பகடை எட்ட வேண்டிய எண்) 13, எல்லாருக்கும் பகடையோட +4. ஒவ்வொருத்தருக்கும் 60%. நாலு பேரும் ஜெயிக்கணும்னா வெறும் 13% தான். குரூப் செக் விதிப்படி பாதிப் பேர் ஜெயிச்சாப் போதும், அப்போ 82%. 'எல்லாரும் ஸ்டெல்த் உருட்டுங்க'ன்னு சொல்லிட்டு ஒருத்தர் தோத்ததும் மணி அடிச்சா, பதுங்குறதுங்கிற வழியையே நீங்க மூடிட்டீங்க.

வாசல்திண்ணை:
கணக்குப்புலி சொன்னதில் ஒன்றை மட்டும் மாற்றுவேன். எல்லா ரோலும் வெளியே வேண்டியதில்லை. பொறி இருக்கிறதா என்று தேடும்போது பிளேயர் 3 உருட்டியதைத் தானே பார்த்துவிட்டால், 'ஒன்றும் தெரியவில்லை' என்ற பதிலை நம்பமாட்டார். அதை கேம் மாஸ்டர் மறைத்து உருட்டலாம், மாற்றத்தான் கூடாது. சண்டை, டெத் சேவ் ரெண்டும் கண்டிப்பாக வெளியே.

உருட்டுவதற்கு முன்னால் தோற்றால் என்ன ஆகும் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். 2017இல் வந்த பிளேட்ஸ் இன் தி டார்க் ஆட்டத்தில் இது விதியாகவே இருக்கிறது: நிலைமை எவ்வளவு ஆபத்து, ஜெயித்தால் எவ்வளவு பலன் என்று கேம் மாஸ்டர் முதலில் சொல்ல வேண்டும். பிறகு பிளேயர் வேறு வழிக்கு மாறிக்கொள்ளலாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலும் அப்படியே செய்யலாம்: "சுவரில் ஏறுகிறீர்கள், டிசி 15, தவறினால் 20 அடி உயரத்திலிருந்து விழுவீர்கள், 2டி6 சேதம். ஏறுகிறீர்களா?" இதற்கு 10 விநாடி ஆகாது. 'அப்படியென்றால் கயிறு வீசுகிறேன்' என்று சொல்ல அவருக்கு இடம் கிடைக்கிறது.

மூன்றாம்வழி:
நன்றி. இரண்டு பாதையும் வேண்டாம், ஊருக்கே திரும்புகிறோம் என்றால்?

ஆறுமுகப்பகடை:
திரும்பட்டும். "இதற்கு நான் தயாரிக்கவில்லை, 10 நிமிடம் கொடுங்கள்" என்று வெளிப்படையாகவே கேளுங்கள், யாரும் கோபிக்கமாட்டார்கள். இனி ஒவ்வொரு செஷன் முடிவிலும், எழுந்து போவதற்கு முன்னால், "அடுத்த முறை எங்கே போகப் போகிறீர்கள்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த வாரம் அதை மட்டும் தயாரித்தால் போதும்.