கோட்லின் தெரியும், ஓப்பன் சோர்ஸ் ஆப்பைத் திறந்தால் திக்கு தெரியவில்லை: எங்கே தொடங்குவது?

மன்னை_பாமணி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கோட்லின் (ஆண்ட்ராய்ட் ஆப் எழுதும் மொழி) அடிப்படை முடித்தாயிற்று. பாட வீடியோவைப் பார்த்துத் தட்டினால் ஓடுகிறது; வெற்றுத் திரையில் தொடங்கினால் கை நகர மாட்டேன் என்கிறது. அதனால் ஓடிக்கொண்டிருக்கும் ஓப்பன் சோர்ஸ் (மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) ஆப்களைப் படித்துக் கற்கலாம் என்று எண்ணம்.

செய்ய நினைப்பது வயல் செலவுக் கணக்கு ஆப். உழவு, நாற்றங்கால், நடவுக் கூலி, உரம், அறுப்பு மிஷின் வாடகை எல்லாம் வயல்வாரியாக, குறுவை, சம்பா, தாளடி என்று போகம்வாரியாக வர வேண்டும். நெட் இல்லாமலே ஓட வேண்டும்.

கூகுளின் 'நவ் இன் ஆண்ட்ராய்ட்' மாதிரியை இறக்கினேன். மாட்யூலுக்குள் (ஆப்பின் தனித்தனிப் பகுதி) மாட்யூலாகப் போகிறது, எது எங்கே தொடங்குகிறது என்றே பிடிபடவில்லை. லேப்டாப் 8 ஜிபி ரேம், நெட் மொபைல் டேட்டாதான். எந்த ஆப், எந்த வரிசையில், எப்படிப் படிக்க வேண்டும்?

குடந்தை_அரசலாறு:

'நவ் இன் ஆண்ட்ராய்ட்' நல்ல சரக்குதான், ஆனால் முதல் ஆப் அல்ல. பெரிய குழு பெரிய ஆப்பை எப்படிப் பிரித்துக் கட்டலாம் என்று காட்டுவதற்காக எழுதியது. அதை மூன்றாவதாக வையுங்கள்.

உங்கள் தேவைக்கு முதலில் ஃபாசிஃபை நோட்ஸ் என்ற குறிப்பு ஆப். கோட்லின், ரூம் (போனிலேயே தரவைச் சேமிக்கும் நூலகம்) டேட்டாபேஸ், நெட் இல்லாமலே ஓடும். உங்கள் கணக்கு ஆப்பின் எலும்புக்கூடு அதில் இருக்கிறது.

நிரலை (கோட்) முதல் கோப்பிலிருந்து கடைசிக் கோப்பு வரை வாசிக்காதீர்கள். ஒரே ஒரு செயலைப் பிடித்துக்கொண்டு அது போகிற வழியே போங்கள். 'புதுக் குறிப்பு சேர்' என்பதையே எடுத்துக்கொள்வோம். திரையில் தெரியும் அந்தச் சொல்லை ஸ்ட்ரிங்ஸ் கோப்பில் (திரையில் வரும் சொற்களின் பட்டியல்) தேடி, அதன் பெயரை எடுங்கள். அந்தப் பெயரை ப்ராஜெக்ட் முழுக்கத் தேடினால் (கண்ட்ரோல்-ஷிஃப்ட்-எஃப்) மெனு கோப்பும் மெயின்ஆக்டிவிட்டியும் அகப்படும். அங்கிருந்து கண்ட்ரோல்-பி (ஒரு பெயர் எழுதப்பட்ட இடத்துக்குத் தாவும் விசை) அழுத்தி அழுத்தி இறங்கினால் நோட்ஸ்ஹெல்பர், அதற்குக் கீழே நோட்ஸ்டாவோ, அதற்கும் கீழே நோட் என்ற டேட்டா கிளாஸ். மேலே பட்டன், அடியில் டேபிள், நடுவில் நாலைந்து நிறுத்தம். இதைத் தாளில் அம்புக்குறி போட்டு வரைந்துவிடுங்கள். ஒரு செயலுக்கு ஒரு தாள் போதும்.

நோட்ஸ்ஹெல்பரில் ஒரு இடத்தில் நில்லுங்கள். சேமிக்கும் வரியைச் சுற்றி 'என்ஷூர் பேக்ரவுண்ட் த்ரெட்' என்று ஒரு உறை இருக்கும். அந்த உறையை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். குறிப்பு சேர்த்த நொடியே ஆப் விழும். மெயின் த்ரெட்டில் (ஆப்பின் முதன்மை வேலைச் சரடு) டேட்டாபேஸைத் தொடக்கூடாது என்று லாக்கேட்டில் (ஸ்டுடியோவின் பதிவுத் திரை) சிவப்பாக வரும். திரை வரைகிற அதே த்ரெட்டில் டிஸ்க் வேலை செய்தால் திரை உறைந்துவிடும் என்பதால் ரூமே அதைத் தடுக்கிறது. பத்துக் கட்டுரை படித்தாலும் பதியாதது, இப்படி ஒரு முறை உடைத்துப் பார்த்தால் பதிந்துவிடும்.

ஒரு சிக்கலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஃபாசிஃபை ஆப்களின் தாய் கிளாஸ்கள் அந்த ரெப்போவில் (நிரல் களஞ்சியம்) இல்லை. காமன்ஸ் என்ற தனி நூலகத்தில் இருக்கின்றன. கண்ட்ரோல்-பி அழுத்தியதும் பூட்டுப் போட்ட கோப்பு ஒன்று திறந்தால் பயப்பட வேண்டாம், காமன்ஸ் ரெப்போவைத் தனியாக இறக்கி அங்கே பாருங்கள்.

இரண்டாவதாக ஆன்டெனாபாட் என்ற பாட்காஸ்ட் ஆப். ஜாவா மிகுதி, பெரிய ஆப். அதன் நிரலைவிட ஏற்றுக்கொள்ளப்பட்ட புல் ரிக்வெஸ்ட்களை (பிறர் அனுப்பிய திருத்தங்கள்) படியுங்கள். ஐந்து கோப்புக்குள் முடிந்த சிறு திருத்தங்களாகப் பொறுக்குங்கள். முதலில் என்ன பிழை, எந்த வரி மாறியது, பராமரிப்பவர் எதைத் திருத்தச் சொன்னார் என்று மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்கும். இதற்கு ஈடான பாடம் வேறு எங்கும் கிடைக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

வெண்ணாறு_வடகரை:

அரசலாறு சொன்னது படிக்கிற வழி. அதற்கு முன் பில்டு ஆக (நிரல் ஓடும் ஆப்பாக மாற) வேண்டுமே. பாதிப் பேர் நின்றுபோவது அங்கேதான்.

8 ஜிபியில் எமுலேட்டரை (கணினிக்குள் ஓடும் போலி போன்) மறந்துவிடுங்கள். போனில் பில்டு நம்பரை 7 தடவை தட்டி டெவலப்பர் ஆப்ஷனைத் திறந்து, யூஎஸ்பி டீபக்கிங் போட்டு, கேபிளில் ஓட்டுங்கள். சில போன்களில் யூஎஸ்பி வழி நிறுவ அனுமதி என்று இன்னொரு சுவிட்ச் தனியாக இருக்கும், அதையும் போட வேண்டும். கிரேடில் (பில்டு செய்யும் கருவி) ப்ராபர்ட்டீஸ் கோப்பில் ஜேவிஎம் நினைவகம் 4 ஜிபி என்று இருந்தால் 2 ஜிபி ஆக்குங்கள். வேலை முடிந்ததும் டெர்மினலில் கிரேடில்டபிள்யூ ஸ்டாப் கொடுத்தால் பின்னால் உட்கார்ந்திருக்கும் டீமன் (பின்னணி நிரல்) ரேமை விட்டுவிடும்.

டேட்டா விஷயம்: ரெப்போவை கிட் வழியே குளோன் (நகல் இறக்கம்) செய்யும்போது டெப்த் 1 கொடுங்கள், பழைய வரலாறு இறங்காது. முதல் பில்டு நூற்றுக்கணக்கான எம்பி இழுக்கும். அது ஒரு தரம் முடிந்தால், அடுத்த பில்டுகளை ஆஃப்லைன் சுவிட்ச் போட்டு நெட்டே இல்லாமல் ஓட்டலாம். நண்பர் யாரிடமாவது அதே கிரேடில் பதிப்பில் ஏற்கனவே இறங்கியிருந்தால், அவருடைய ஹோம் ஃபோல்டரில் புள்ளி-கிரேடில், கேச்சஸ், மாட்யூல்ஸ்-2 என்ற ஃபோல்டரை பென்டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் லாக் கோப்புகளையும் ஜிசி ப்ராபர்ட்டீஸ் கோப்பையும் நீக்கிவிட்டு உங்கள் கணினியில் அதே இடத்தில் வைக்க வேண்டும்.

ஸ்டுடியோவில் பில்டு ஆகும், டெர்மினலில் ஆகாது என்றால் காரணம் பெரும்பாலும் ஜேடிகே (ஜாவா கருவித் தொகுப்பு). ஆண்ட்ராய்ட் கிரேடில் பிளகின் 8 முதல் ஜாவா 17 வேண்டும். ஸ்டுடியோ தன் ஜாவாவைத் தானே கொண்டுவருகிறது. டெர்மினல் உங்கள் ஜாவாஹோமைப் பார்க்கிறது, அங்கே 11 இருந்தால் நின்றுவிடும்.

கூகுள் சர்வீசஸ் ஜேசன் கோப்பு காணோம் என்று வந்தால் அந்த ஆப் ஃபயர்பேஸ் (கூகுளின் இணையச் சேவை) கேட்கிறது என்று பொருள். பில்டு வேரியன்ட்டில் எஃப்-டிராய்டுக்கான (ஓப்பன் சோர்ஸ் ஆப் கடை) ஃபிளேவர், அதாவது தனி வடிவம், இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், இல்லையா, வேறு ஆப்புக்குப் போங்கள். ஆப் கடையிலிருந்து நிறுவிய அதே ஆப் போனில் இருக்கும்போது உங்கள் பில்டை மேலே ஏற்றினால் கையொப்பம் பொருந்தவில்லை என்று மறுக்கும். அப்ளிகேஷன் ஐடிக்கு டீபக் என்று பின்னொட்டு சேர்த்துவிட்டால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

குடந்தை_அரசலாறு:

டெப்த் 1 பற்றி ஒரு சொல். வரலாறு இல்லாவிட்டால் கிட் பிளேம் (ஒவ்வொரு வரியும் எந்த மாற்றத்தில் வந்தது என்று காட்டும் கட்டளை) எல்லா வரிக்கும் ஒரே கமிட்டைக் காட்டும், 'இந்த வரி ஏன் வந்தது' என்று தேடவே முடியாது. வைஃபை கிடைக்கும் நாளில் அன்ஷாலோ செய்து முழு வரலாற்றையும் இறக்கிக்கொள்ளுங்கள்.

மன்னை_பாமணி:

ரொம்ப நன்றிங்க. பென்டிரைவ் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு சந்தேகம். நோட் டேபிளில் 'வயல்', 'போகம்' என்று இரண்டு நெடுவரிசை (column) சேர்த்தேன், ஆப் திறந்ததும் விழுகிறது. இன்னொன்று, எங்கள் பக்கம் பரப்பை மா, குழி என்றுதான் சொல்வார்கள், சிலர் ஏக்கர், சென்ட். எப்படிச் சேமிப்பது? ஃபாசிஃபை நிரலை அப்படியே என் ஆப்பில் எடுத்துப் போடலாமா?

ஆடுதுறை_45:

விழுவதற்குக் காரணம், டேட்டா கிளாஸை மாற்றிவிட்டு டேட்டாபேஸ் பதிப்பு எண்ணை ஏற்றவில்லை. ரூம் பழைய வடிவத்தின் அடையாளத்தைச் சேமித்து வைத்திருக்கிறது, பொருந்தவில்லை என்றால் திறக்காது. எண்ணை மட்டும் ஏற்றினால் அடுத்து 'மைக்ரேஷன் (பழைய டேபிளைப் புது வடிவுக்கு மாற்றும் நிரல்) காணோம்' என்று விழும். ஆல்டர் டேபிள் எழுதி, புது நெடுவரிசைக்கு நாட் நல் (காலியாக இருக்கக் கூடாது), டிஃபால்ட் மதிப்பு இரண்டும் கொடுங்கள். அந்த டிஃபால்ட்டை டேட்டா கிளாஸிலும் காலம்இன்ஃபோவில் (ColumnInfo) அதே மதிப்பாக எழுதுங்கள். இதே நோட்ஸ்டேட்டாபேஸ் கோப்பின் அடியில் பழைய மைக்ரேஷன்கள் வரிசையாக இருக்கின்றன, பார்த்து எழுதலாம். ஆப்பை அழித்துவிட்டு மறுபடி நிறுவினாலும் பிழை போகும். அந்தக் குறுக்கு வழியில் பழகாதீர்கள். ஊரில் ஒருவர் ஒரு போகக் கணக்கை ஏற்றிவைத்த பிறகு நீங்கள் அப்படிச் செய்ய முடியாது.

பரப்புக்கு: 12 அடிக் கோலில் ஒரு குழி 144 சதுர அடி. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. அப்படியானால் ஒரு மா 14,400 சதுர அடி, ஏக்கருக்கு 3.025 மா. வாய்க்கணக்கில் 'மூணு மா ஒரு ஏக்கர்' என்பார்கள். அதை வைத்து மாற்றினால் ஒரு வேலி 6.67 ஏக்கர் என்று வரும், சரியான கணக்கு 6.61. மாற்றிச் சேமித்தால் இந்தப் பிசிறு ஒட்டிக்கொள்ளும். ஆகவே விவசாயி சொன்ன எண்ணையும் அலகையும் இரண்டு நெடுவரிசையாக அப்படியே சேமியுங்கள், காட்டும்போது மட்டும் மாற்றுங்கள். குழியின் அளவு வேறு வட்டாரத்தில் மாறும், அதை அமைப்புகளில் வையுங்கள். கூலித் தொகையை டபுளில் (தசம எண் வகை) வைக்காமல் பைசாவாக லாங்கில் (முழு எண் வகை) வையுங்கள்.

போகத்தைத் தேதியிலிருந்து ஆப்பே கண்டுபிடிக்கக் கூடாது. மேட்டூர் திறப்பு ஜூன் 12 என்பது வழக்கம், தண்ணீர் இல்லாத வருடம் தள்ளிப்போகும், குறுவையும் கூடவே தள்ளும். சம்பா ஆங்கில வருடத்தைத் தாண்டி ஜனவரியில் அறுப்பு. வருடவாரியாகக் கூட்டினால் நடவுக் கூலி ஒரு பக்கம், அறுப்புக் கூலி ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். 'சம்பா 2025-26' என்று போகத்துக்கே தனி டேபிள் போட்டு, ஒவ்வொரு செலவையும் அதில் கட்டுங்கள்.

உரிமம்: ஃபாசிஃபை ஜிபிஎல் 3 என்ற உரிமம். அதன் நிரலை எடுத்துப் போட்டு ஆப்பை வெளியே கொடுத்தால் உங்கள் ஆப்பும் ஜிபிஎல் 3 ஆகத்தான் இருக்க வேண்டும், மூல நிரலையும் தர வேண்டும். 'நவ் இன் ஆண்ட்ராய்ட்' அப்பாச்சி 2.0, உரிமக் குறிப்பை வைத்துக்கொண்டு எடுக்கலாம். அமைப்பைப் பார்த்துக் கற்றுச் சொந்தமாக எழுதுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

திருவையாறு_குடமுருட்டி:

ஒன்று விட்டுப்போனது. தமிழ்ச் சரத்தோடு (திரையில் வரும் சொற்றொடர்) சோதியுங்கள். ஆங்கிலத்தில் நாலெழுத்து 'சேவ்' அடங்கும் பட்டனில் 'செலவைச் சேர்க்கவும்' வெட்டுப்படும். அகலத்தை எண்ணில் கட்டாமல் உள்ளடக்கத்துக்கு ஏற்ப விடுங்கள், உயரத்தையும்தான், இரண்டாம் வரிக்கு இறங்க இடம் வேண்டும். 'வயல் 1-க்கு 500 ரூபாய்' போன்ற வாக்கியத்தைத் துண்டு துண்டாக ஒட்டாதீர்கள். முழு வாக்கியமும் ஒரே சரமாக, இடங்கள் எண்ணிட்டதாக இருக்கட்டும். தமிழில் சொல் வரிசை மாறும். போன் எழுத்தளவைப் பெரிதாக்கி ஒரு தரம் எல்லாத் திரையையும் பாருங்கள், வயலில் வெயிலில் பார்ப்பவர்கள் அப்படித்தான் வைத்திருப்பார்கள்.